பங்காளிகளே என்று அழைத்த பாவம்

விதை விற்பவரையும் உரம் விற்பவரையும் ஊர் ஒருவாறு நம்பிவிடும்; எதையும் விற்காமல், "உங்கள் நிறுவனத்தை நீங்களே தொடங்கி நீங்களே நடத்துங்கள்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவரை மட்டும் எந்த ஊரும் எளிதில் நம்புவதில்லை என்பதே எங்கள் தொழிலின் முதற்பாடம்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைத்துக் கொடுக்கும் களப்பணியாளன் நான். அரூரில் ஒரு மாடியறை எங்கள் அலுவலகம். சித்தேரி மலையின் சில சிற்றூர்களும் மலையடிவாரத்து ஊர்களும் என் பொறுப்பு. உழவர்கள் ஆளுக்கொரு பங்கு எடுத்து ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்யவேண்டும். தங்களுக்குள் இயக்குநர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். விளைந்ததைத் தாங்களே பக்குவப்படுத்தித் தாங்களே விற்கவேண்டும். தேர்தல் நாளில் மட்டும் மதிக்கப்படும் ஏழைக் குடிமகனுக்குத் தன் விளைபொருளின் மீதும் தன் சந்தையின் மீதும் நாள்தோறும் சொல்லுரிமை கிடைத்தால் மக்களாட்சி உறுதிப்படும் என்று நான் நம்புகிறேன். நம்புவது எளிது. நம்பவைப்பதற்குத்தான் மலையேற வேண்டியிருக்கிறது.

படிவக் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்து, நல்லதைச் சொல்லப்போன இடமெல்லாம் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கப்பட்ட தோழர்களே, உங்கள் ஆறுதலுக்காகவே இவற்றை எழுதுகிறேன். எங்கள் நிறுவனத்துக்குச் சாமையின் உமியை நீக்கும் இயந்திரம் ஒன்று மானியத்தில் ஒதுக்கப்பட்டிருந்தது. அதை மலைமேல் நிறுவுவதா, அடிவாரத்தில் நிறுவுவதா என்பதை உறுப்பினர்களின் முதற்பொதுக்கூட்டம் வாக்கெடுத்து முடிவுசெய்யும் என்பது ஏற்பாடு. அதற்குமுன் உறுப்பினர்களைச் சேர்க்கவேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

கை கட்டிய வரவேற்பு

மலையூரில் முதற்கூட்டம் தொடக்கப்பள்ளியின் முற்றத்தில் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். நான் பேசத் தொடங்கியதும் ஆண்கள் அனைவரும் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். எத்தனை பணிவான மக்கள் என்று என் மனம் நெகிழ்ந்தது. அந்தப் பணிவைப் பாராட்டியே கால்மணி நேரம் பேசினேன். பேசி முடித்துப் பையிலிருந்து படிவங்களையும் கைரேகைக்கான மைப்பெட்டியையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

முன்வரிசையில் நின்ற சின்னராமனிடம் காரணம் கேட்டேன். சாமையும் தினையும் விதைக்கும் சிறு உழவர் அவர். ஊரே மனத்துக்குள் நினைப்பதை முதலில் வாய்விட்டுச் சொல்கிறவர். "மாட்டு லோனுன்னு ஒருத்தரு வந்து ரேகை வாங்கிட்டுப் போனாருங்க. கக்கூஸு கட்டித் தரேன்னு ஒருத்தரு வாங்கிட்டுப் போனாரு. மூணாவதா வந்தவரு எதுக்குன்னே சொல்லாம வாங்கிட்டுப் போனாரு. மாடும் வரல, கக்கூஸும் வரல" என்றார். சரி, கைகளை ஏன் பின்னால் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. "மைப்பொட்டி வெச்சிருக்கறவரு வந்தா கையப் பின்னால கட்டிக்கறதுதானுங்க சார் எங்க ஊரு வணக்கம்."

தள்ளிவிட்ட பேருந்து

அறிவுரையைவிடக் கதை நெஞ்சில் நிற்கும் என்பது என் கொள்கை. ஆகவே அடுத்த கூட்டத்தில் ஒரு கதை சொன்னேன். மலைப்பாதையின் வளைவொன்றில் ஒரு பேருந்து சேற்றில் சிக்கிக்கொண்டது. சிலர் இறங்கித் தள்ளினார்கள். பயணச்சீட்டு வாங்கிய நாம் ஏன் தள்ளவேண்டும் என்று வேறு சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களின் பாரம் வண்டியை இன்னும் ஆழமாக அழுத்தியது. கடைசியில் அவர்களும் வெட்கி இறங்கித் தள்ள, பேருந்து மேடேறியது. "உங்கள் நிறுவனமும் அத்தகைய பேருந்துதான். இறங்குங்கள்! தள்ளுங்கள்! ஊர் முன்னேறும்!" என்று முடித்தேன். சில தலைகள் அசைந்தன. எனக்கும் நிறைவாக இருந்தது.

பின்வரிசையில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி ஒரு பெண் எழுந்து நின்றார். அவர் பெயர் ராமாயி. கணவரை இழந்தவர், ஒரே மகளைத் துணையாக வைத்துக்கொண்டு மேட்டுநிலத்தில் சாமை விளைவிப்பவர். என் கதையை அவரைப்போல் கூர்ந்து கேட்டவர் அந்தக் கூட்டத்தில் வேறெவரும் இல்லை என்பதை அடுத்த நொடியில் அறிந்தேன். "நீங்க சொன்னது கதையில்லீங்க சார், போன மழைக்கு நெசமாவே நடந்துது. நாங்கதான் எறங்கித் தள்ளுனோம். வண்டி கெளம்புனதும், நிறுத்துனா மறுபடி மாட்டிக்கும்னுட்டு டிரைவரு எங்கள ஏத்தாமயே போயிட்டாரு. உங்க கம்பெனி எங்கள ஏத்திக்குமா, இல்ல சேத்துலயே வுட்டுட்டுப் போயிடுமா?"

இரண்டு சுமையும் ஒரே தோள்

அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் விடுவது அறமன்று என்று தோன்றியதால், மறுவாரம் ராமாயியின் வீட்டுக்கே சென்றேன். முற்றத்து உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். உலக்கை இடக்கையில் மட்டுமே ஏறி இறங்கியது. வலத்தோள் இரண்டாண்டுகளாக எழும்புவதில்லை என்றார். சாமையை அரிசியாக்கி விற்றால் நல்ல விலை கிடைக்கும். ஆனால் ஒரு கையால் எவ்வளவு குத்தமுடியும்? வீட்டுக்கு வேண்டியதை மட்டும் குத்திவிட்டு, மீதியை உமியோடு மூட்டையாகக் கட்டிப் பேருந்தில் ஏற்றி அரூர் வியாபாரியிடம் கொண்டுபோவதே அவருடைய வழக்கம்.

இயந்திரம் வந்துவிட்டால் இந்தத் தோளுக்கு ஓய்வு என்று நான் உறுதிமொழி கொடுத்தேன். அவர் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இயந்திரம் எந்த ஊரில் இருக்கும் என்று கேட்டார். அது வாக்கெடுப்பில் முடிவாகும், அடிவாரத்திலும் அமையலாம் என்றேன். உண்மையை மறைப்பது என் வழக்கமன்று. தோழர்களே, நம் திட்ட அறிக்கைகளில் பல பக்கங்கள் எழுதியும் விளங்கவைக்கமுடியாத ஒரு பொருளாதாரத்தை அந்த அம்மாள் இரண்டு வரிகளில் விளக்கினார். "கீழ வெச்சீங்கன்னா மூட்டையத் தூக்கிட்டு நாந்தான எறங்கி ஏறணும்? உலக்கையா இருந்தாலும் மூட்டையா இருந்தாலும் இந்தத் தோளுதானுங்க சார்."

முதலில் ஆட்டைக் காட்டுங்கள்

ஆயினும் மலையில் முதற்படிவத்தை நிரப்பியவர் ராமாயிதான். மேலே ஓட்டு கூடினால் இயந்திரமும் மேலே வரும் என்று கணக்கிட்டவர் அவர். வீடு வீடாகச் சென்று பெண்களிடம் பேசவும் தொடங்கினார். சின்னராமன் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "ஆளுக்கொரு பங்கு எடுங்கள்" என்று நான் சொன்னபோதெல்லாம் அவர் என் கால்களுக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல் எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் முறை பொறுக்கமாட்டாமல் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். நோம்பி எனும் ஊர்த் திருவிழா நாளில் நான்கு பேர் சேர்ந்து ஆடு வாங்கி அறுத்துப் பங்கு போடுவது அவர்கள் பழக்கம். அவருக்குத் தெரிந்த பங்கு அது ஒன்றே. அதிலும் ஆட்டைக் கண்ணால் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்த பிறகே பெயர் கொடுப்பார்களாம். நகரத்தில் கண்ணுக்குத் தெரியாத நிறுவனங்களின் பங்குகளை வாங்கிவிட்டுக் கன்னத்தில் கை வைத்திருக்கும் படித்தவர்கள் இந்த நெறியைக் கற்றுக்கொண்டால் நாட்டில் பாதித் துயரம் தீரும். இயந்திரத்தின் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "ஆட்டக் காட்டிட்டுத்தான் பங்குக்கு ஆளு சேப்பாங்க. நீங்க ஆட்டு போட்டோவக் காட்டி ஆளு சேக்கறீங்களேங்க!"

பத்துப் பங்கும் ஒரு வாக்கும்

மலையில் என்னைத் திருடன் என்று ஐயுற்றார்கள் என்றால், அடிவாரத்தில் பைத்தியம் என்று ஐயுற்றார்கள். தீர்த்தகிரி அங்கே பெரிய உழவர். மஞ்சளும் மரவள்ளியும் அவருடையவை. சாலையோரத்தில் தகரக்கூரை போட்ட பெரிய ஷெட்டும் அவருடையது. இயந்திரத்தை அந்த ஷெட்டில் வைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். என்னை நாற்காலியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். தாம் பத்துப் பங்கு எடுத்துக்கொள்வதாகவும், அதனால் தமக்குப் பத்து வாக்கு என்றும், ஆகவே வாக்கெடுப்பைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் அன்போடு சொன்னார்.

நான் மோரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டத்தை எடுத்தேன். உழவர் நிறுவனத்தில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு வாக்கு ஒன்றே. பெரிய நிலமும் சிறிய நிலமும் ஒரே பெட்டியின் முன் ஒரே வரிசையில் நிற்பதுதான் இதன் சிறப்பு. பொருளில் சமம் இல்லாதவர்களைச் சொல்லிலாவது சமமாக்கும் ஏற்பாடு இது என்று விளக்கினேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. நான் சொன்னதில் ஏதோ தந்திரம் ஒளிந்திருக்கவேண்டும் என்பதுபோல் நெடுநேரம் என் முகத்தைப் படித்தார். "ஏந்தம்பி, பத்துப் பங்கு போட்டவனுக்கும் ஒரு ஓட்டு, ஒத்தப் பங்கு போட்ட மலைக்காரிக்கும் ஒரு ஓட்டுன்னா இது கம்பெனியா, எலெக்‌ஷனா?"

பங்காளிகளே!

இங்கே நான் என் பிழையை மறைக்காமல் எழுதவேண்டும். மலையில் போதிய பேர் சேர்ந்தபிறகு, சின்னராமனும் ஒருவழியாகக் கையெழுத்திட்ட பிறகு, ஒரு நிறைவுக்கூட்டம் நடத்தினேன். மகிழ்ச்சி மிகுந்திருந்த வேளையில் மனிதன் சொற்களை எடைபோடுவதில்லை. "இன்றுமுதல் இந்த மலையில் ராமாயி வேறு, சின்னராமன் வேறு இல்லை! நீங்கள் அனைவரும் ஒரே சொத்தில் பங்குள்ளவர்கள்! பங்காளிகளே, உங்களை வாழ்த்துகிறேன்!" என்று முழங்கினேன். ஒருமுறை சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். இயல்பில் நான் எதையும் வலியுறுத்திச் சொல்பவன், மூன்றுமுறை சொன்னேன். கூட்டம் உறைந்துபோனது. உணர்ச்சிப்பெருக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ராமாயி அரூர் அலுவலகத்தின் படியேறி வந்தார். அதே பேருந்தில் வந்த சின்னராமன் தெருவின் எதிர்ப்புறத்தில் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ராமாயி தம் பெயரை நீக்கச் சொன்னார். அவர் இறங்கிப் போனதும் சின்னராமன் ஏறிவந்து அதையே சொன்னார். அந்த வாரத்துக்குள் இன்னும் பதினொருவர் அதே வேண்டுகோளோடு வந்தார்கள். இவர்கள் விலகினால் மலையின் வாக்கு குறைந்து இயந்திரம் கீழே போய்விடும் என்பதை ராமாயியைவிட நன்கு அறிந்தவர் எவரும் இல்லை. ஆகவே அவரைப் படியிலேயே மறித்துக் காரணம் கேட்டிருந்தேன். அவர் பிடியைத் தளர்த்தவில்லை. "பேர எடுத்துடுங்க சார். ஏன்னு மட்டும் கேக்காதீங்க, கேட்டா எம்பொண்ணு பேரு சந்தைக்கு வந்துடும்."

ஐயத்தின் முகவரி

ஊரார் என்னை ஐயுற்றபோதெல்லாம் வருந்திய நான், என் முறை வந்தபோது ஒரு கணமும் தயங்கவில்லை. இது தீர்த்தகிரியின் வேலை என்று முடிவுகட்டினேன். மலையின் வாக்கு குறைந்தால் இயந்திரம் அவருடைய ஷெட்டுக்குப் போகும்; வேறு யாருக்கு இதில் ஆதாயம்? ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி ஒரு தாயை மிரட்டுவதா என்று எனக்குள் கொதித்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவர் மஞ்சள் காட்டுக்குச் சென்றேன். வேலையாட்களின் முன்னிலையிலேயே, பொதுநலத்தைக் கெடுப்பவர் எத்தகைய பழியைச் சுமப்பார் என்பதை விரிவாக எடுத்துரைத்தேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார். மலைக்குத் தாம் போய் ஓராண்டு ஆகிறது என்றும், யாருடைய மகளையும் தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். பிறகு, அந்தக் கூட்டத்தில் நான் என்னதான் பேசினேன் என்று விசாரித்தார். பேசியதைச் சொன்னேன். அவருடைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எதையும் விளக்கவில்லை. விளக்காமல் விடுவதில் அவருக்கு ஓர் இன்பம் இருந்தது என்றே இன்றும் ஐயுறுகிறேன். "நாங் கெடுக்கணும்னு நெனைச்சிருந்தா அவங்கள எதுக்குத் தம்பி மெரட்டறேன்? உங்களையே இன்னும் நாலு கூட்டம் பேசச் சொல்லியிருப்பேன்."

மஞ்சுளா கேட்டுவந்த செய்தி

எங்கள் அலுவலகத்தில் பெயர்களைக் கணினியில் ஏற்றுகிறவர் மஞ்சுளா. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், எல்லைச் சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவர். ஒரு சொல் ஒவ்வோர் ஊரிலும் எப்படி நிறம் மாறும் என்பதை அறிந்தவர். அவர் என்னிடம் சொல்லாமலே மலைக்குப் பேருந்தேறி, ராமாயியோடு அரை நாள் புளி உடைத்துவிட்டுத் திரும்பினார். ராமாயியின் மகளுக்கும் சின்னராமனின் மகனுக்கும் தையில் திருமணம் என்று பேசி முடித்திருக்கிறார்கள் என்ற செய்தியை அவர்தான் கொண்டுவந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பங்காளி என்பவர் உடன்பிறந்தவருக்குச் சமம். பங்காளி வீட்டில் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. ஊரறிய, மேடைபோட்டு, ஒலிபெருக்கி வைத்து, இரண்டு சம்பந்திகளையும் ஒரே சொத்தின் பங்காளிகள் என்று மூன்றுமுறை அறிவித்தவன் நான். மறுநாளே சின்னராமனின் உறவினர்கள் இந்தத் திருமணம் முறையா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். விலகிய மற்றப் பதினொருவரின் வீடுகளிலும் கொள்வினை கொடுப்பினை பேச்சு ஏதோ ஒன்று இருந்தது. தம் தோளையும் மகளின் வாழ்வையும் தராசில் வைத்துப் பார்த்துத் தோளைக் கைவிட முடிவு செய்த தாயின் வார்த்தைகளை மஞ்சுளா அப்படியே திருப்பிச் சொன்னார். "மெசினு இல்லாட்டி ஒத்தக் கையால குத்திக்கலாம் கண்ணு. பங்காளியாயிட்டா எம்பொண்ண எங்க குடுக்கறது?"

தீட்டு உண்டா, இல்லையா?

மறுநாள் சட்டப்புத்தகத்தோடு மலையேறினேன். பள்ளி முற்றத்தில் எல்லோர்முன்பும் என் சொல்லைத் திரும்பப் பெற்றேன். பங்காளி வேண்டாம், 'உறுப்பினர்' என்று வைத்துக்கொள்வோம் என்றேன். பெயரை மாற்றினால் பங்கு போய்விடுமா, தாளில் பங்கு என்றுதானே அச்சடித்திருக்கிறது என்று சின்னராமன் மடக்கினார். அச்சடித்தது அச்சடித்ததுதான். அப்போது ராமாயி எழுந்து, ஒரு வழக்கறிஞரைப்போல் என்னைக் குறுக்குவிசாரணை செய்யத் தொடங்கினார். இந்தப் பங்கைக் காட்டி ஒருவர் நிலத்தை மற்றவர் பிரித்துக் கேட்கமுடியுமா? முடியாது என்றேன். பங்காளிகள்போல் கோயில் வரி சேர்ந்து கட்டவேண்டுமா? வேண்டாம். "செரி, கம்பெனியில ஒருத்தரு செத்துட்டா மத்தவங்களுக்குத் தீட்டு உண்டுங்களா?"

தோழர்களே, நிறுவனச் சட்டத்தில் அப்படியொரு பிரிவை நான் அதுவரை தேடியதில்லை. அன்று அனைவர் முன்னிலையிலும் உண்மையாகவே பக்கம் பக்கமாகத் தேடினேன். பங்காளி இறந்தால் பங்காளிக்குத் தீட்டு என்பது அவர்கள் அறிந்த முறை. அது இங்கே எழுதப்பட்டிருந்தால் எல்லாம் முடிந்தது. எழுதப்படவில்லை. தீட்டு இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். பிறகு இந்தப் பங்கை வைத்துக்கொண்டு என்னதான் செய்யமுடியும் என்று கேட்டார். வாக்களிக்கலாம், இயந்திரத்தைப் பயன்படுத்தலாம், விற்பதில் பயன்பெறலாம் என்றேன். ராமாயி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "தீட்டு இல்லாத பங்கு பங்கே இல்லீங்க, அது ஓட்டு. ஓட்டு லிஸ்ட்டுல நானும் சம்பந்தியும் அடுத்தடுத்த நெம்பருதான். அதுக்காவ யாராச்சும் கண்ணாலத்த நிறுத்துனாங்களா?"

நம்பிக்கை வாக்கு

யாரும் நிறுத்தியதில்லை. பதின்மூவரும் திரும்பி வந்தார்கள். அன்றுமுதல் மலையில் பங்குதாரர் என்ற சொல் வழக்கொழிந்து, எல்லோரும் தங்களை ஓட்டுக்காரர் என்றே அழைத்துக்கொண்டார்கள். இருந்தும் பொதுக்கூட்டத்துக்கு அடிவாரத்து மண்டபத்தில் திரண்டபோது நான் தலைகளை எண்ணிப் பார்த்தேன். மலையைவிட அடிவாரத்தில் உறுப்பினர் அதிகம். தீர்த்தகிரி எழுந்து, தம் ஷெட்டை வாடகையே இல்லாமல் தருவதாக அறிவித்தார். மண்டபம் முணுமுணுத்தது. வாக்குப்பெட்டியாக வைத்திருந்த தகரடப்பாவை ராமாயி கவிழ்த்துத் தட்டிப் பார்த்து, உள்ளே கைவிட்டுத் துழாவிவிட்டே தம் சீட்டைப் போட்டார். அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரும் அப்படியே செய்ததால் வாக்கெடுப்பு பிற்பகல்வரை நீண்டது.

எண்ணி முடித்தபோது மலை ஏழு வாக்கு வேறுபாட்டில் வென்றிருந்தது. அடிவாரத்து மக்களில் ஒரு பகுதியினர் தம் ஊரை விட்டுவிட்டு மலைக்கு வாக்களித்திருக்கவேண்டும். ஏழைக்கு ஏழை இரங்கும் பண்பு நம் மண்ணில் இன்னும் வற்றவில்லை என்று என் கண்கள் கலங்கின. வெளியே வந்ததும், அடிவாரத்தில் தக்காளி பயிரிடும் முனியம்மாளைக் கண்டு, மலைமக்கள்மீது நீங்கள் வைத்த நம்பிக்கைக்கு நன்றி என்று கும்பிட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். வாடகை வேண்டாம் என்று அந்தப் பெரியவர் சொன்ன நொடியில்தான் பலரும் மனத்தை மாற்றிக்கொண்டார்களாம். அவர் ஷெட்டுக்குள் போகும் இயந்திரத்தின் சாவி அவர் மடியில்தான் இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. "மலைக்காரங்க மேல நம்பிக்க வெச்சு யாருங்க போட்டது? எல்லாம் இவரு மேல இருக்கற நம்பிக்கையில போட்டதுங்க."

கதவுக்கு வெளியே

இயந்திரம் மலைக்கு வந்து ஓடத் தொடங்கிவிட்டது. ராமாயி இப்போது சாமையை அரிசியாகவே மூட்டை கட்டி, நிறுவனத்தின் வண்டியில் ஏற்றி அனுப்புகிறார். உலக்கையும் மூட்டைச் சுமையும் நின்றபின் வலத்தோள் சிறிது இளகியிருக்கிறது. கை காதுவரைதான் உயரும், ஆனால் கூட்டத்தில் கை தூக்க அது போதும். மகளின் திருமணம் தையில் குறித்த நாளில் நடந்தது. நானும் சென்று, ஒரு சொல்லும் பேசாமல் வாழ்த்திவிட்டு வந்தேன். இயக்குநர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ராமாயியும் ஒருவர், தீர்த்தகிரியும் ஒருவர். தாம் எடுத்த பத்துப் பங்குக்கும் ஒரே வாக்கு என்பதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் இயக்குநர் கூட்டம் இயந்திர அறையிலேயே கூடியது. எப்போதும்போல் நான் முன்னதாகச் சென்று, நடுநாற்காலியில் உட்கார்ந்து, கூட்டப்பொருள்களை எழுதிய தாளை விரித்து, ஒற்றுமையைப் பற்றி ஒரு சிறு கதையுடன் தொடங்கலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். உறுப்பினர் பட்டியலில் என் எண் என்ன என்று ராமாயி கேட்டார். நான் உறுப்பினன் இல்லை, வழிகாட்டி மட்டுமே என்று பெருமையோடு சொன்னேன். அவர் தீர்த்தகிரியைப் பார்த்தார். தீர்த்தகிரி ராமாயியைப் பார்த்தார். அவர்கள் இருவரும் எதிலேனும் ஒன்றுபட்டதை நான் கண்டது அதுவே முதன்முறை. தீர்த்தகிரி எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ராமாயி என் தாளை மடித்து மிகுந்த மரியாதையோடு என் கையில் கொடுத்தார். "உங்க வேல இன்னும் எங்களுக்கு வேணுமா வேண்டாமான்னுதான் மொதல்ல பேசப்போறோமுங்க சார், ஓட்டு இல்லாதவங்க கொஞ்சம் வெளிய குந்துங்க, முடிவாச்சுன்னா நாங்களே கூப்புடறோம்."

மக்களாட்சியை வலுப்படுத்தும் என் பணி எவ்வளவு முழுமையாக வெற்றியடைந்தது என்பதற்கு, என் முகத்துக்கு நேரே சாத்தித் தாழிடப்பட்ட அந்தக் கதவைவிட மேலான நற்சான்றிதழை எந்த அலுவலகமும் எனக்கு இதுவரை வழங்கியதில்லை.